ரங்ரூட்டோட அம்மா

'பட்டாளம்'ங்கிற வார்த்தைய நாம என்னவோ சங்க காலத்துல இருந்து சொல்லிட்டு வர்ற மாதிரி சர்வ சாதாரணமா சொல்றோம். பாத்தா அது தமிழே இல்ல. பட்டாலியன்னு ஐரோப்பாக்காரன் சொன்னத நம்மாளு நாக்குக்குத் தோதா மாத்திக்கிட்டது. சிப்பாய் பாரசீகத்துல இருந்து வந்தது. கவாத்து உருது வழியா வந்தது. கும்பினின்னா கம்பெனி, அது எல்லாருக்கும் தெரியும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'ரங்ரூட்'. ரெக்ரூட்ங்கிற இங்கிலீஷ் வார்த்தை வடக்கத்தி சிப்பாய் வாய்ல விழுந்து இப்படி ஆயிடுச்சு. இன்னிக்கும் பயிற்சியில இருக்குற பையனுக்கு அதான் பேரு.

ஆளுக்கு வார்த்தை இருக்கு, அவனை ஆட்டிப்படைக்கிற வாத்தியாருக்கு 'உஸ்தாத்'னு வார்த்தை இருக்கு, அவர் குடுக்குற தண்டனைக்கு 'ரகடா'ன்னு வார்த்தை இருக்கு. வீட்டுல உக்காந்துக்கிட்டு போன் வருமா வராதான்னு பாத்துட்டு இருக்குற அம்மாவுக்குத்தான் ஒரு வார்த்தையும் இல்ல. ராணுவ வரலாறு எழுதினவங்க எவனும் அந்தம்மாவப் பத்தி யோசிச்ச மாதிரியே தெரியல. கர்னல் எந்தக் குதிரையில வந்தான்ங்கிறது வரைக்கும் எழுதி வச்சிருக்கான்!

இதைத் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் தென்காசியில இருக்குற என் சித்தி. அவங்க மகன், எனக்குத் தம்பி முறை, 2024-ல அக்னிவீரா தேர்வாகி வெலிங்டனுக்குப் போனான். குடும்பத்துல கம்ப்யூட்டர் தட்டுறவன் நான் ஒருத்தன்தான்ங்கிறதால எல்லா சந்தேகமும் என்கிட்டதான் வரும். "எப்பா, அங்கன பயங்களை என்ன செய்வாங்க? அடிப்பாங்களா? குளிருமாமே, பய தாங்குவானா?" ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல படிச்சதுல இருந்து சித்திக்குக் கொஞ்சம் சொன்னேன். சித்திக்குச் சொல்லாததையும் சேத்து இங்க எழுதுறேன்.

நம்ம பக்கத்துல இருந்தே ஆரம்பிப்போம். இன்னிக்குத் தென்காசி மாவட்டத்துல இருக்குற நெற்கட்டும்செவலுக்கு 1755-ல கர்னல் ஹெரான் படையோட வந்தான். பூலித்தேவர் கப்பம் கட்ட மாட்டேன்னுட்டார். கோட்டைய உடைக்கிற அளவுக்குப் பீரங்கி வசதி இல்லாம ஹெரான் திரும்பிப் போனான். இது நம்ம ஸ்கூல் புஸ்தகத்துலயே உண்டு. ஆனா ஹெரான் கூட வந்த படையில பெரும்பகுதி வெள்ளைக்காரன் இல்ல, கும்பினிச் சிப்பாய்ங்க. அந்தச் சிப்பாய்களுக்குத் தலைவரா வந்தவர் யூசுப்கான், அதாவது மருதநாயகம், ராமநாதபுரம் சீமைக்காரர். 1761-ல பூலித்தேவரோட கோட்டைகளைப் பிடிச்சதும் அவர்தான். அப்புறம் அதே கும்பினியும் நவாபும் சேந்து 1764-ல அவரை மதுரையில தூக்குல போட்டாங்க. ஆக கோட்டைக்கு உள்ளயும் நம்மாளு, வெளியயும் நம்மாளு. ரெண்டு பக்கமும் அம்மாக்கள் இருந்திருப்பாங்க.

1758-ல கும்பினி இந்தச் சிப்பாய்க் கூட்டத்தை ஒழுங்கா பட்டாலியன்களாப் பிரிச்சது. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன்னோட பிறந்த வருஷமாச் சொல்றது இதைத்தான். (அதுல ஒரு கிளைக்கதை. இன்னிக்கு 9-வது மெட்ராஸா இருக்குறது பழைய திருவிதாங்கூர் படை, அவங்க கணக்கு 1704-ல ஆரம்பிக்குது. நம்ம செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலதான் இருந்துச்சு. தென்காசி மெட்ராஸ், செங்கோட்டை மலையாள ராஜ்யம். பிரானூர்ல பரோட்டா சாப்பிடப் போகும்போது 'பார்டர் கடை'ன்னு சொல்றோமே, அது நிஜமாவே பார்டர்!)

அந்தக் காலத்துல இப்ப மாதிரி தனியா பயிற்சி மையம் கிடையாது. நேரா பட்டாலியன்ல சேந்து அங்கயே கவாத்து பழக வேண்டியதுதான். மெட்ராஸ் படைக்கு ஒரு விசேஷம் உண்டு. வங்காளப் படைச் சிப்பாய் பொண்டாட்டி புள்ளைய ஊர்ல விட்டுட்டு வருவான். மெட்ராஸ் சிப்பாய் குடும்பத்தைக் கூடவே கூட்டிட்டுப் போவான். பட்டாலியன் ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு மாறுதுன்னா மாட்டு வண்டி, சட்டி பானை, கைக்குழந்தை, வயசான ஆத்தா எல்லாம் பின்னாலயே போகும். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இது பெரிய தலைவலி, செலவு. ஆனா ஒரு அம்மாவோட பக்கத்துல இருந்து பாருங்க. மகன் கவாத்து பழகுற மைதானத்துக்குப் பக்கத்து லைன் வீட்டுலதான் அவ சோறு பொங்கிட்டு இருப்பா. என்ன செய்வாங்களோன்னு பயமே வேண்டாம், கண்ணு முன்னாலயே நடக்கும்.

'ரெக்ரூட் பாய்ஸ்'னு ஒரு ஏற்பாடும் மெட்ராஸ் படையில இருந்துச்சு. சிப்பாயோட மகனைச் சின்ன வயசுலயே பட்டாலியன் கணக்குல எழுதிக்கிட்டு, கொஞ்சம் சம்பளம் குடுத்து, வளந்ததும் சிப்பாயாக்கிடுவாங்க. அப்பன் வேலை மகனுக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பையனுக்கு வேற எதாவது ஆகணும்னு ஆசை இருந்துச்சான்னு எவனும் கேட்டிருக்க மாட்டான். (எங்களை எவன் கேட்டான், ப்ளஸ் டூ முடிச்சதும் தூக்கி இன்ஜினியரிங்ல போட்டானுங்க. சரி விடுங்க.)

இப்ப முடி மேட்டருக்கு வருவோம். தம்பி போய்ச் சேந்த புதுசுல ஒரு போட்டோ வந்துச்சு. சித்தி பாத்துட்டு அழுதது குளிரை நினைச்சோ ரகடாவை நினைச்சோ இல்ல. "தலைய இப்படிச் செரைச்சு விட்டுட்டானுங்களே"ன்னுதான். பையன் வேற நெத்தியில விழுற மாதிரி ஸ்டைலா முடி வச்சிருந்தான். எந்த ராணுவத்துலயும் முதல்ல நடக்கிறது இதுதான். எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்குறதுல அது முதல் படி. பேரு போய் நம்பர் வரும், சொந்தத் துணி பெட்டிக்குள்ள போகும், முடி தரைக்குப் போகும்.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. வேலூர்ல 1806 ஜூலை 10 ராத்திரி நடந்த புரட்சிக்கு உடனடிக் காரணமே இந்த மாதிரி ஒரு உத்தரவுதான். புது மாதிரித் தலைப்பாகை, தாடிய எடுக்கணும், மீசைய ஒரே அளவா வெட்டணும், நெத்தியில குறி இருக்கக் கூடாது, பரேடுக்கு வரும்போது காதுல கடுக்கன் கூடாது. மேல உக்காந்திருந்தவனுக்கு அது வெறும் யூனிபார்ம் விதி. சிப்பாய்க்கு, ஊர்ல நாலு பேர் முன்னால எப்படி நிக்கிறதுங்கிற பிரச்சினை. கோட்டைக்குள்ள இருந்த திப்புவோட வாரிசுகள், பழைய கோவங்கள்னு வேற காரணங்களும் உண்டு, இல்லன்னு சொல்லல. ரத்தம் ஆறா ஓடின பிறகு அந்த உத்தரவை வாபஸ் வாங்கினாங்க. 1807-ல கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடக்கையும் லண்டனுக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க. ஒரு ஆளோட உடம்புல எது அவனுக்குச் சொந்தம், எது சர்க்காருக்குச் சொந்தம்ங்கிற கேள்வி, சித்தி போட்டோவப் பாத்து அழுதாங்களே, அதுலயும் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

அப்புறம் ஒரு காலம் வந்துச்சு, நம்மாளுக்குப் பட்டாளமே வேண்டாம்னு கதவைச் சாத்தின காலம். லார்டு ராபர்ட்ஸ்னு ஒருத்தர், 1881-ல இருந்து 1885 வரைக்கும் மெட்ராஸ் படைக்குத் தளபதி. தெக்கத்தி ஆளுக்குப் போர்க்குணம் போச்சு, சண்டை போட வடமேற்குக்காரன்தான் லாயக்குங்கிறது அவரோட கட்சி. 'வீர இனங்கள்'னு ஒரு கோட்பாடு கிளம்பி, மெட்ராஸ் பட்டாலியன்களை ஒண்ணொண்ணா குறைச்சுக்கிட்டே வந்தாங்க. முதல் உலகப்போருக்கு அப்புறம் மிச்சம் இருந்த மெட்ராஸ் காலாட்படையையும் 1928-க்குள்ள கலைச்சுட்டாங்க. 1824-ல பர்மாவுக்கும் 1840-கள்ல சீனாவுக்கும் கப்பல்ல போய்ச் சண்டை போட்டவனோட பேரனுக்குப் போர்க்குணம் இல்லையாம்! டேட்டா இல்லாம மேனேஜர் முதல்லயே முடிவு பண்ணிட்டு அப்புறமா காரணம் தேடுவார் பாருங்க, அது மாதிரிதான் இருக்கு.

முழுசா அத்துப் போகலன்னா அதுக்குக் காரணம் பெங்களூர்ல இருக்குற மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணி வைக்கிறதுன்னு இன்ஜினியர் பட்டாளம். 1780-லிருந்து இருக்காங்க. இவங்களுக்கு ராணுவம் முழுக்கப் பேரே 'தம்பி'தான். எந்த வடக்கத்தி அதிகாரியும் தம்பின்னுதான் சொல்லுவார். இத எழுதும்போது காரணமே இல்லாம ஒரு சந்தோஷம்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஆள் பத்தல. போர்க்குணக் கோட்பாடெல்லாம் காத்துல போச்சு. 1941-42-ல பகுதிநேரப் படைகளை (டெரிட்டோரியல்) வச்சு மெட்ராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினாங்க. கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரையில பயிற்சி மையம். அந்த வருஷங்கள்லதான் தமிழ்நாட்டு கிராமம் கிராமமா 'பட்டாளத்தார் வீடு'ன்னு ஒரு வீடு முளைச்சது. வேலூர் பக்கத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரு, வீட்டுக்கு ஒருத்தர் ராணுவத்துல இருக்குறதால 'ராணுவப்பேட்டை'ன்னே சொல்லுவாங்க. நம்ம தெக்கு மாவட்டங்கள்ல அந்த அளவுக்கு இல்லன்னாலும் எல்லா ஊர்லயும் ஒரு பெரிய மீசைத் தாத்தா கண்டிப்பா இருப்பார்.

அந்தப் போர்க்காலத்துல சேந்த பையன்களைப் பத்தி ஒரு தகவல் படிச்சதுல இருந்து மனசுல நிக்குது. பயிற்சிக்கு வந்த கொஞ்ச மாசத்துலயே எடை கூடிடுமாம். பெண்டு நிமித்துற வேலை, ஆனாலும் எடை ஏறுது. ஏன்னா மூணு வேளைச் சோறு. வீட்டுல அது இல்ல. அந்தக் காலத்து அம்மாவுக்கு மகனைப் பட்டாளத்துக்கு அனுப்புறதுல முதல் ஆறுதல் அதுவாத்தான் இருந்திருக்கும். இங்க ஒரு வாய் மிச்சம், அங்க அவன் வயிறு நிறையும். வீரம், தேசம் எல்லாம் சோத்துக்கு அப்புறம்தான் வந்திருக்கும்.

1947-ல மையம் மதுக்கரையில இருந்து வெலிங்டனுக்கு மாறுச்சு. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு மலை ரயில்ல போனா அடுத்த ஸ்டேஷனே வெலிங்டன்தான். கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். அந்த இடத்தோட பழைய பேரு ஜக்கதளா. 1850-கள்ல வெள்ளைக்காரப் படைக்கு பாரக்ஸ் கட்டி, அப்புறம் வெலிங்டன் பிரபு பேரை வச்சாங்க. இதுல ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட் தொப்பியில இருக்குற யானைச் சின்னம் 1803 செப்டம்பர்ல நடந்த அசாயே சண்டையோட ஞாபகம். அந்தச் சண்டையில மெட்ராஸ் சிப்பாய்களை நடத்தினது ஆர்தர் வெல்லஸ்லி, பின்னாள்ல அவர்தான் வெலிங்டன் பிரபு. நெப்போலியனை வாட்டர்லூவுல தோக்கடிச்ச அதே ஆள். நம்ம ஆயிரப்பேரி ரோட்டுல விடியக்காலம் ஓடிட்டு இருந்த பையன் தலையில அந்த யானை ஏறி உக்காந்திருக்கு.

ஓட்டம்னதும் ஞாபகம் வருது. இப்ப முதல்ல கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்துத் தேர்வு, 2023-ல இருந்து அப்படித்தான். அதுல பாஸானாத்தான் ரேலி. 1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துல ஓடினா முழு மார்க் 60. பத்து புல்-அப்ஸ் எடுத்தா 40. ஒம்பது அடிப் பள்ளத்தைத் தாண்டணும். உயரம் 166 சென்டிமீட்டர். அப்புறம் மெடிக்கல், அதுல தட்டைப் பாதம், முட்டி இடிக்குதுன்னு ஒரு கூட்டமே வெளிய வந்துடும். சீசன் டயத்துல குற்றாலத்துக்கு நாம குளிக்கப் போவோம், இந்தப் பயலுக சாரல்ல நனைஞ்சுக்கிட்டே பழைய குற்றாலம் ரோட்டுல ஓடிட்டு இருப்பானுங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு ஓடுற அந்தக் கூட்டத்துல முக்காவாசிப் பேர் தேறப் போறதில்லன்னு அவனுகளுக்கே தெரியும். ஆனாலும் ஓடுவான்.

சரி, உள்ள போன பிறகு என்ன நடக்கும்? சித்திக்குச் சொன்னது இதுதான். அக்னிவீர்களுக்குப் பல மையங்கள்ல 31 வாரம் பயிற்சி. முதல் 10 வாரம் அடிப்படை. விடியறதுக்கு முன்னால எழுப்பி ஓட விடுவாங்க. அப்புறம் பி.டி., டிரில், துப்பாக்கியைப் பிரிச்சு மாட்டுறது, சுடுறது, மேப் படிக்கிறது, முதலுதவி, இந்தி. போர்வையை எப்படி மடிக்கணும்ங்கிறதுக்குக் கூட அளவு உண்டு. ஒருத்தன் தப்பு செஞ்சா மொத்தப் பேருக்கும் ரகடா. அடுத்த 21 வாரம் அவன் எந்தப் பிரிவோ அதுக்கான மேல்பயிற்சி. காலாட்படைன்னா மலை ஏத்தம், ராத்திரி நடை, ஆயுதம், முள்கம்பிக்குக் கீழ ஊர்றது. ஏதாவது தேர்வுல தேறலன்னா உடனே வீட்டுக்கு அனுப்பிட மாட்டாங்க, அடுத்த பேட்ச்சோட சேத்துத் திரும்பப் படிக்க வைப்பாங்க. பையன்களுக்கு இதுதான் பெரிய பயம். கூட வந்தவனெல்லாம் போயிடுவான், நாம இங்கயே கெடக்கணும்.

பெத்தவங்களுக்குப் பெரிய பயம் வேற. போன். பயிற்சி நேரத்துல போனை வாங்கி வச்சுக்குவாங்க, பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் கைக்கு வரும். நான் சென்னையில இருந்து தினமும் ராத்திரி எங்கம்மாகிட்ட வீடியோவுல பேசுறேன், "சாப்டியா"ன்னு கேட்டா "ஆச்சு"ன்னு சொல்லி வச்சிடுறேன். சித்தி ஒரு வாரம் பூராவும் கேக்க வேண்டியதையெல்லாம் மனசுல சேத்து வச்சிருந்து, போன் வந்ததும் எல்லாத்தையும் மறந்துட்டு அதே "சாப்டியா"வைத்தான் கேட்டாங்க. முதல் ஒரு மாசம் அவன் குரல் நல்லா இல்ல. வந்துடுறேன்னு ஒரு தடவை சொல்லிட்டான் போல. சித்தப்பா போனை வாங்கி, "பத்து வாரம் பொறு, அதுக்கப்புறம் முடிவு பண்ணுவோம்"ன்னு மட்டும் சொல்லியிருக்கார். எங்க கிடைச்சுது அந்த பத்து வாரக் கணக்குன்னா, நான் சொன்னதுதான். வரலாறு படிச்சதுக்கு ஒரு பிரயோஜனம்! பத்தாவது வாரம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கல. தோள்ல துப்பாக்கி இடிச்சு வீங்கினதைப் பெருமையாச் சொல்லிட்டு இருந்தான்.

2025-ல கசம் பரேடுக்கு சித்தி சித்தப்பாவோட நானும் போனேன். கோயம்புத்தூருக்கு ராத்திரி பஸ், அங்கிருந்து மேட்டுப்பாளையம், குன்னூர். கசம்னா சத்தியம். ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் மைதானம், ராணுவத் தளபதியா இருந்த ஸ்ரீநாகேஷ் பேர்ல. கீதை, பைபிள், குரான், தேசியக் கொடி எல்லாம் முன்னால இருக்கும், அதுமேல சத்தியம். அதோட உப்பு. ஒவ்வொருத்தனும் உப்பை வாயில போட்டுக்கணும். கும்பினிச் சிப்பாய் காலத்துல இருந்தே 'உன் உப்பைத் தின்னுட்டேன், துரோகம் பண்ண மாட்டேன்'ங்கிறதுதான் பட்டாளத்தோட ஒப்பந்தம். அப்ப உப்பு நவாபோடது, கும்பினியோடது. இப்ப நாட்டோடது. சித்தி என் காதுல, "உப்பை மட்டுமா குடுக்காங்க, ஒரு வாய் சோத்தோட குடுத்தா என்ன"ன்னாங்க. பக்கத்துல இருந்த கேரளாக்கார அம்மாவுக்குத் தமிழ் புரிஞ்சு சிரிச்சிட்டாங்க. இப்பல்லாம் பல மையங்கள்ல பெத்தவங்களுக்கே நெஞ்சுல குத்திக்க ஒரு பதக்கம் குடுக்குறாங்க, 'கௌரவ் பதக்'னு பேரு. 250 வருஷத்துல அம்மாவை ராணுவம் கவனிச்சதுக்கு அத்தாட்சியா கையில தொட்டுப் பாக்குற மாதிரி ஒரு பொருள், எனக்குத் தெரிஞ்சு அதுதான்.

இனிமே கணக்கு. இதைச் சொல்லாம விட்டா நான் இன்ஜினியரே இல்ல. கும்பினி காலத்துல இருந்து சிப்பாய் வேலையோட கவர்ச்சி ரெண்டு: மாசா மாசம் தவறாத சம்பளம், கடைசியில பென்ஷன். ராஜாக்கள், பாளையக்காரங்க யாரும் இந்த ரெண்டாவதைத் தரல. 2022 ஜூன்ல அக்னிபத் வந்தப்போ கழண்டது அதுதான். மொத்தம் நாலு வருஷம், பயிற்சியும் அதுக்குள்ளயே அடக்கம். முதல் வருஷம் மாசம் 30,000, அதுல 9,000 பிடிச்சுக்கிட்டு கைக்கு 21,000. வருஷா வருஷம் ஏறி நாலாவது வருஷம் 40,000, கைக்கு 28,000. பிடிச்சதெல்லாம் கூட்டினா சுமார் 5.02 லட்சம், அரசாங்கம் அதே அளவு போடும், அதாவது 10.04 லட்சமும் வட்டியும். வருமான வரி இல்ல. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. நாலு வருஷம் முடிஞ்சதும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமா எடுத்துக்குவாங்க. மிச்சப் பேர் அந்தப் பணத்தோட வீட்டுக்கு. துணை ராணுவத்துல ஒதுக்கீடு உண்டுன்னு 2022-லயே அறிவிச்சாங்க. முதல் பேட்ச் 2023 ஜனவரி வாக்குல பயிற்சியை ஆரம்பிச்சவங்க, அவங்க நாலு வருஷம் 2026 கடைசி, 2027 ஆரம்பத்துலதான் முடியுது.

சித்தப்பா பழைய ஆளு. "நாலு வருஷத்துல அனுப்புறதுக்கு எதுக்குல பட்டாளம், அதுக்கு ஒரு கடையில நின்னா முதலாளியாவது தீவாளிக்கு போனஸ் தருவான்"ன்னார். என் கட்சியும் பாதி அதுதான். இருபத்தொண்ணு வயசுல ஒருத்தன் கையில பத்து லட்சத்தோட ஊருக்கு வந்து நிக்கிறது லாபமா நஷ்டமான்னா, ஊரைப் பொறுத்தது. நம்ம பக்கத்துல ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தா லாபம். மெட்ராஸ் பட்டாலியன்களைக் கலைச்சப்போ என்ன ஆச்சு? துப்பாக்கி பிடிக்கத் தெரிஞ்சவன் வயக்காட்டுக்குத் திரும்பினான், அவன் பேரு ஒரு புஸ்தகத்துலயும் இல்ல. ஆனா தம்பிகிட்ட இதைச் சொன்னா, "அண்ணே, நீங்க கம்பெனியில சேரும்போது நாலு வருஷம் உத்தரவாதம் குடுத்தானா?"ங்கான். கார்ப்பரேட்ல அது கூட கிடையாதுல்ல. வாயை மூடிக்கிட்டேன்.

சித்திகிட்ட நான் பேசாத விஷயம் ஒண்ணு. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சின்ல பனிச்சரிவு. 19-வது மெட்ராஸ் பட்டாலியன் ஆளுங்க 10 பேர் புதைஞ்சு போனாங்க. ஆறு நாள் கழிச்சு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோட எடுத்தாங்க, 11-ம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில அவரும் போயிட்டார். அந்தப் பத்துல நாலு பேர் தமிழ்நாடு. வெலிங்டன் மைதானத்துல 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு'ன்னு கத்துற பையன்களுக்கு எந்தக் கவாத்தும் பனிச்சரிவுக்கு எதிரா சொல்லித் தர முடியாது. அக்னிவீர் பணியில இறந்தா 48 லட்சம் காப்பீடு, பணி காரணமான சாவுன்னா இன்னும் 44 லட்சம் கருணைத்தொகை, மிச்ச நாள் சம்பளம். மத்த ஜவான் குடும்பத்துக்கு வர்ற மாதிரி குடும்ப பென்ஷன் வராது. இந்த வரிகளைப் படிச்சுட்டு நான் பக்கத்தை மூடி வச்சுட்டேன். ஆனா சித்திக்குத் தெரிஞ்சிருக்கு. பரேடு முடிஞ்சு திரும்பி வரும்போது பஸ்ல சாதாரணமாக் கேட்டாங்க, "பனியில போடுவானோ?" போட்டாலும் போடுவாங்க சித்தின்னேன். "ம். அப்போ எண்ணெய்ப் பலகாரம்தான் அனுப்பணும், மத்தது கல்லாயிரும்"ன்னாங்க.

இப்ப அவன் யூனிட்டுக்குப் போயாச்சு. எங்கன்னு அவனும் சொல்லல, நாங்களும் கேக்கல. விலாசத்துல ஊர் பேரே இருக்காது. நம்பர், பதவி, பேரு, யூனிட், அதுக்குக் கீழ '56 ஏ.பி.ஓ.', அவ்வளவுதான். மேற்குப் பக்கம்னா 56, கிழக்குன்னா 99. தென்காசி போஸ்ட் ஆபீஸ்ல போட்டா அது டெல்லி போய் அங்கிருந்து ராணுவத் தபால்காரங்க கைக்கு மாறி எங்கயோ ஒரு கூடாரத்துக்குப் போய்ச் சேரும். போன மாசம் சித்தி முந்திரிக்கொத்தும் முறுக்கும் அனுப்பியிருக்காங்க. பதினெட்டு நாள் ஆச்சாம். முறுக்கு தூளாத்தான் போச்சு, உஸ்தாத்துக்கும் ஒரு கை குடுத்தேன்னு ஞாயித்துக்கிழமை சொன்னான்.